பல்லுச் சந்து

– நீ செஞ்ச பல்லு செட்டைக் கெடுத்துக் குடுடான்னா குடுக்கணும். நடுவுல ஒரு சந்து, அவ்ளோதான். பழைய மாதிரி.

– அக்கா, ஊருக்கெல்லாம் பல்லு செட்டு செய்யறவன் நான். சந்தை மூடித் தரச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க. திறந்து விடச் சொல்லி வந்த ஒரே ஆளு நீதான்.

– உன் அக்கா எதுலடா ஊரோட ஒத்துப்போனா?

– விளையாடாதேக்கா. ஈறு நிறம் வரவே எத்தனை பொடி கலந்து பாத்தேன் தெரியுமா? ஸ்கூல்ல 'ஜன்னல்'னு கூப்பிடறாங்கன்னு அழுதுட்டு வந்தியே, பெரியவனானதும் நான் சரி பண்றேன்னு சொன்னேனே, மறந்துட்டியா?

– மறக்கலடா. முத்துக் கோத்த மாதிரிதான் இருக்கு, கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா சீட்டி வரலையே!

– இந்த வயசுல சீட்டி எதுக்கு?

– வெளியே பெஞ்சுல உக்காந்திருக்காரே உன் அத்தான், அவருக்கு. ஞாபகம் போனதுலேருந்து, கதவு திறந்திருந்தா கிளம்பிடறார். என்னங்க என்னங்கன்னு தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பறதில்ல. ஒரு சீட்டி அடிச்சா நிப்பார், அப்படியே திரும்பி வந்துடுவார். முன்பல்லு ரெண்டும் போச்சு, சீட்டியும் போச்சு. நேத்து மெயின் ரோட்டுக்கே போயிட்டார்டா. லாரி பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.

– ஐயோ! முன்னாடியே ஏன்க்கா சொல்லல?

– நீ ஆசை ஆசையா செஞ்சது. எப்படிடா சொல்லுவேன்?

– கழட்டிக் குடு.

– இந்தா. பாத்து அறு.

– மெஷின் ஓடுது, சத்தமாப் பேசு. பல்லில்லாம பாதி காத்துதான் வருது உனக்கு.

– என்னடா இந்த நாத்தம், மூக்கைத் துளைக்குது! அப்பா நாற்காலிக்கு அரக்குப் பாலீஷ் போட்டா வீடே மணக்குமே.

– அது பூச்சி குடுத்த பிசின். இந்தப் பல்லு செட்டு ஃபேக்டரி குடுத்த பிசின். உன் வளையல், கண்ணாடி ஃபிரேம், சட்டை பட்டன் எல்லாம் இதோட சொந்தக்காரங்கதான். எனக்குப் பிசின் பைத்தியம் பிடிச்சதே உன்னாலதானேக்கா. பொம்மைக்குக் கை போச்சு, பெட்டிக்கு மூடி போச்சுன்னு தினம் மத்தியானம் என்னைப் பிசின் வாங்கத் துரத்துவே. கடைக்காரர் எனக்குப் 'பிசினு'ன்னே பேர் வெச்சுட்டார். அவர் காய்ச்சறதை வாயைப் பொளந்து பாத்துட்டு நின்னவன்தான், இன்னிக்கு வரைக்கும் விடல.

– வீட்ல அவ்ளோ சாமான் உடைஞ்சுதுடா.

– நீ ஒண்ணைக்கூட ஒட்டி நான் பாத்ததில்லையே. நான் தெருமுனை திரும்பறதுக்குள்ள மொட்டைமாடியில உன் சீட்டி கேக்கும்.

– புறாத் தொல்லைடா. விரட்டணும்ல?

– அப்பேர்ப்பட்ட வாயாடி, எதிர்வீட்டுப் பெரியவங்க வந்து கல்யாணம் பேசினப்போ தலையே நிமிரல. இவ்ளோ அடக்கமான பொண்ணான்னு அத்தானோட அம்மா அசந்தே போயிட்டாங்க.

– பின்னே? உன் அத்தான் மூஞ்சியை அன்னிக்குத்தானே சரியாவே பாத்தேன். கூச்சம் இருக்காதா?

– சரி, இந்தா. போட்டு அடிச்சுப் பாரு. நான் செஞ்சதிலேயே நல்ல செட்டு. என் கையாலேயே அறுத்திருக்கேன், வயிறு எரியுது.

– ஃபூ… வெறும் காத்துடா.

– குடு, இன்னும் ஒரு நூல் அகலப்படுத்தறேன்… ம், இப்ப அடி.

– ஃப்வீஈஈஈ!

– அடேயப்பா, அதே சீட்டி! அக்கா, அங்கே பாரு, அத்தான் எழுந்துட்டார். உள்ளே வர்றார். சிரிக்கிறார்க்கா! அத்தான், வாங்க, என்னைத் தெரியுதா?

– தெரியலையே சார். கொஞ்சம் வழி விடுங்க… ஏய், வந்துட்டேன். உன் தம்பி பிசின் வாங்கப் போயாச்சுல்ல?