தாழையூர் மணல்மேட்டின் வரைபடம் குறித்து தேவிப்பிரியா கூறியது

திருப்பூர் நீதித்துறை நடுவர் முன்பு 2007 ஜூலை 4, புதன்கிழமை காலை 11.20 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது. உடன் வந்த காவலர்கள் வெளியே அனுப்பப்பட்டு அறைக்கதவு சாத்தப்பட்டது. சொல்வது அவருக்கே எதிராகவும் அமையலாம், விருப்பமில்லையென்றால் சொல்ல வேண்டியதில்லை என எச்சரிக்கப்பட்டார். புரிந்தது என்றும் சொல்ல விரும்புவதாகவும் கூறினார்.

என் பெயர் தேவிப்பிரியா. வயது 31. கணவர் பெயர் அருள்குமார். கோவை மாவட்டம், திருப்பூர், அனுப்பர்பாளையம், பள்ளிக்கூட வீதியில் குடியிருக்கிறேன். சிவில் டிப்ளமோ படித்து உரிமம் பெற்று, 2001 முதல் தனியாக ஆபீஸ் வைத்துக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்து வருகிறேன். எங்களுக்கு ஆறு வயதில் கீர்த்தனா என்ற மகள் இருக்கிறாள். அருள்புரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் தரணீதரன் என்பவரை எனக்குத் தெரியும். அவருடைய கம்பெனிக் கட்டடத்துக்கு நான்தான் படம் போட்டேன். என் கணவர் அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறார்.

2006 ஆகஸ்ட் மாதம் தரணீதரன் என்னைக் கூப்பிட்டு, ராமநாதபுரம் மாவட்டம் தாழையூர் கடற்கரையில் பதினோரு ஏக்கர் வாங்கியிருப்பதாகவும், அங்கே சுற்றுலா விடுதி கட்டப்போவதாகவும் சொன்னார். “பனியன் வாங்க வர்ற பையருக எல்லாம் இயற்கை, இயற்கைங்கறாங்க அம்மிணி. ஒரு மரத்தை வெட்டாம, மண்ணைக் கலைக்காம கட்டிக் காட்டோணும்” என்றார். அதன் பிறகு நானும் என் கணவரும் தாழையூர் சென்று நான்கு நாள் தங்கி அளவு எடுத்தோம். நிலத்துக்கும் கடலுக்கும் நடுவே முந்நூறு மீட்டர் நீளத்துக்கு மணல்மேடு இருந்தது. உயரமான இடத்தில் பதினாறு அடி. மேல் முழுவதும் அடம்பங்கொடி படர்ந்து ஊதாப்பூ பூத்திருந்தது. மேடு முடிந்து திறப்பாக இருக்கும் இடத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு உண்டு. அதன் சுவரில் சுனாமித் தண்ணீர் நின்ற கறை என் தலைக்கு மேலே இருந்தது. மேட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகைகளில் அப்படி எந்தக் கறையும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மேட்டைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு பதினாறு குடில்களையும் மேட்டுக்குப் பின்னால், பனைமரங்களுக்கு இடையில், மரத்தூண்களின் மேல் தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி வைத்துப் படம் போட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பனைகளையும் எண்ணிக் குறித்தேன். ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. கடலுக்குப் போக, திறப்பின் வழியாக ஒரு பலகைப் பாதை. படத்தின் ஓரத்தில் “மணல்மேட்டில் எந்த இடத்திலும் தோண்டக்கூடாது” என்று எழுதினேன். தரணீதரன் படத்தைப் பார்த்து சந்தோஷப்பட்டார். நான் இதுவரை போட்டதிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.

2007 மார்ச்சில், ஆறு குடில்கள் கடலைப் பார்த்தபடி மேட்டின் மேலேயே வேண்டும், மேட்டின் அடியில் நீச்சல் குளம் வேண்டும் என்று தரணீதரன் கேட்டார். சட்டம் அனுமதிக்காது, மணலும் நிற்காது என்று சொன்னேன். “சரி, உடுங்க” என்றார். அத்துடன் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஜூன் 12, செவ்வாய்க்கிழமை, தூண்களுக்கு இடம் குறித்துக் கொடுப்பதற்காகத் தாழையூர் போனேன். காலை பத்தரை மணி இருக்கும். மேட்டின் பின்பக்கத்தை ஜேசிபி வைத்துப் பத்தடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். அடியில் மூன்று பேர் குளத்துக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் முதலிபாளையத்தைச் சேர்ந்த கொத்தனார் மயில்சாமி. கம்பெனிக் கட்டடத்தில் வேலை செய்தவர் என்பதால் எனக்குத் தெரியும். மணல் ஈரமாக இருக்கும் வரை சுவர் போல நிற்கும், வெயிலில் காய்ந்தால் சரியும். வெட்டிய முகத்தில் மேல்பாதி ஏற்கெனவே வெளுத்திருந்தது. எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்தினேன். இரண்டு பேர் ஏறிவிட்டார்கள். மயில்சாமி நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, “கலவை காஞ்சுருமுங்க. இன்னும் ரெண்டு வரி கல்லு வெச்சுட்டு வந்தர்றனுங்க” என்றார்.

மணல் சத்தமில்லாமல் இறங்கியது. ஏதாவது சத்தம் கேட்டிருந்தால் அவர் ஓடியிருப்பார். அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் கையால் தோண்டினோம். தோண்டத் தோண்ட மேலிருந்து வந்து நிரம்பிக்கொண்டே இருந்தது. ஜேசிபியை விட்டால் ஆள் மேல் பட்டுவிடும் என்று டிரைவர் பயந்தார். மீனவர்கள் ஓடிவந்து மண்வெட்டியால் தள்ளிய பிறகு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்து எடுத்தோம். கொத்துக்கரண்டி கையிலேயே இருந்தது. என் நகங்களுக்குள் போன மணல் மூன்று நாள் வரை வந்துகொண்டிருந்தது. அன்று அங்கே விசாரித்த காவலரிடம், கம்பெனி மேனேஜர் குமாரவேல் என் பக்கத்திலேயே நின்றதால், நான் அதிகம் பேசவில்லை.

ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குமாரவேல் காரில் வந்து, முதலாளி கூப்பிடுவதாகச் சொல்லி என்னை அருள்புரம் கம்பெனிக்கு அழைத்துப் போனார். விடுமுறை என்பதால் கம்பெனியில் யாரும் இல்லை. தையல் மெஷின்களுக்கெல்லாம் துணி போட்டு மூடியிருந்தது. நாங்கள் உள்ளே போனதும் ஷட்டரை இறக்கினார்கள். கட்டிங் டேபிளின் மேல் என் ஆபீஸ் கம்ப்யூட்டர் இருந்தது. என் ஆபீசுக்கு இரண்டு சாவிகள். ஒன்று என் பையில் இருந்தது. மற்றொன்று என் கணவரிடம் இருப்பது. அவர் அந்த டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

தரணீதரன் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். டீ கொடுத்தார். “பயப்படாதீங்க அம்மிணி. ஒரு சின்னத் திருத்தமுங்க” என்றார். போலீசில் வேலை வரைபடம் கேட்டிருப்பதாகவும், அதில் குளமும் அந்தச் செங்குத்து வெட்டும் இருக்க வேண்டும், தோண்டக்கூடாது என்ற வரி இருக்கக்கூடாது, போன நவம்பர் தேதி போட்டு நான் கையெழுத்திட வேண்டும் என்றும் சொன்னார். அப்படிச் செய்தால் சாவுக்கு நான்தானே பொறுப்பு என்று கேட்டேன். “வக்கீல் நான் வெக்கறனுங்க. பொம்பளைன்னா சீக்கிரம் ஜாமீன் குடுத்துருவாங்க” என்றார். முடியாது என்றேன். குமாரவேல், என் மகள் போகும் பள்ளி வேனின் நம்பரையும், அது எங்கள் வீதி முனைக்கு வரும் நேரத்தையும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. என் கணவர் தலை நிமிராமலே, “போட்டுரு தேவி” என்றார்.

அதன் பிறகு நான் மவுசைப் பிடித்தேன். மேட்டின் உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். மூன்றரை மணி ஆயிற்று. பனியன் பேட்டர்ன் எடுக்கும் பெரிய பிரிண்டரில், அந்தத் தாளிலேயே படத்தை எடுத்தார்கள். நான் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான். அதை மறுக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பேக்கரியில் இரண்டு பேர் காலை முதல் சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று லீவு சொன்னேன். சன்னலைத் திறக்கவில்லை. கணவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை.

ஜூன் 27 பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். நெடுநேரம் திறக்காமல் நின்றேன். சன்னல் இடுக்கில் பார்த்தபோது ஒரு பெண் தனியாக நின்றார். திறந்ததும், தான் மயில்சாமியின் மனைவி மருதாள் என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. “படம் போட்ட அம்மா கணக்குத் தப்பிருச்சுன்னு மொதலாளி ஊட்ல சொன்னாங்க. நீங்க சொல்லித்தான் அவரு அங்க நின்னாருங்களா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்றால் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போயிருப்பார். எதிரே பேக்கரியில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். “இல்லீங்க. மேல வரச் சொல்லிக் கத்துனேன். ரெண்டு வரி வெச்சுட்டு வர்றேன்னாருங்க” என்றேன். மருதாள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அப்படித்தான் சொல்லுவாரு. சோத்துக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான்” என்றார்.

மறுநாள் பேக்கரி திறப்பதற்கு முன்பே கிளம்பி, மகளை என் அக்கா ஊரில் விட்டுவிட்டு, அங்கிருந்தே ஒரு வக்கீலைப் பார்த்து, அவர் மூலம் காவல்துறை உயர் அதிகாரியிடம் மனு கொடுத்தேன். அதன் பேரில் இங்கே அழைத்து வரப்பட்டிருக்கிறேன். நான் முதலில் போட்ட படம், 2006 நவம்பரில் தாழையூர் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கப்பட்டு, வட்ட முத்திரையுடன் அங்கே இருக்கிறது. பொய்ப்படத்துக்கு எனக்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன்.

யாராவது மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்கிறீர்களா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். இல்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது. உள்ளே வரும்போது என் கணவர் இந்த வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்தேன். எனக்காக வந்திருக்கிறாரா, அவர்களுக்காக வந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. அனைத்தும் நான் கண்டதும் செய்ததுமான உண்மை என அறிந்து கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. தேவிப்பிரியா

பதிவு முடிந்த நேரம் பகல் 1.05. சாட்சி கேட்டுக்கொண்டபடி, அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துச் செல்ல பெண் காவலருக்கு உத்தரவிடப்பட்டது.