நானூற்றுப் பன்னிரண்டு சுத்தமான நாட்கள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவ இருபது வினாடி போதும். டாக்டர்களில் பாதிப் பேர் ஐந்தே வினாடியில் முடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் துலூத் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தொற்றுத் தடுப்புப் பொறுப்பை ஏற்றபோது நான் செய்த முதல் வேலை, கைகழுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததுதான். கெஞ்சினேன், திட்டினேன். ஒரு வருடத்தில் எல்லோரும் ஒழுங்காகக் கழுவினார்கள். உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்டுக்கு எதிரே ஒரு பலகை வைத்தேன். ரத்தத் தொற்று இல்லாத நாட்களின் எண்ணிக்கை அது. தினமும் காலையில் எண்ணை நானே மாற்றுவேன். முந்நூறைத் தொட்டபோது கேக் வெட்டினோம். நர்சுகள் நடக்கிற நடையே மாறிப்போயிற்று. ஒருவருக்குத் தொற்று வந்தாலும் மறுபடி பூஜ்யம். நாற்பது பேருடைய உழைப்பை யாராவது காப்பாற்ற வேண்டும் இல்லையா?

வால்டர் க்னுட்ஸ்விக்கை எனக்குப் பிடிக்கும். பெரிய ஏரிகளில் ஓடும் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். குடலில் அறுவை சிகிச்சை நடந்ததால், நெஞ்சில் செருகிய குழாய் வழியாகத்தான் அவருக்கு ஆகாரம்.

"மார்லிஸ், கழுவிக் கழுவி உங்க கைரேகையே அழிஞ்சிருக்குமே. பேங்க்ல கொள்ளையடிச்சாக்கூட மாட்ட மாட்டீங்க" என்பார்.

ஆறாம் நாள் அவருக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"நவம்பர்ல கப்பல் மேல்தளத்துல நிக்கற மாதிரி இருக்கு" என்றார். அப்போதும் சிரித்தார்.

ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். நர்ஸ் ஜனெல் இரண்டு குப்பிகளில் ரத்தம் எடுத்தாள்.

"காய்ச்சல் குழாய்லேர்ந்துதான் வந்திருக்கும்னு தோணுது. சுத்தி செவந்து கெடக்கு" என்றாள்.

"நீ அவர் பக்கத்துல இரு. லேபுக்கு நான் கொண்டுபோறேன்" என்றேன்.

அன்று பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு. குப்பிகளை மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில்தான் போட்டேன், கையுறை அணிந்து, விதிமுறைப்படி. இரண்டு நாள் கழித்து, எதுவும் வளரவில்லை என்று கணினியில் பதிந்தேன். அதில் பொய் இல்லை. அந்தக் குப்பிகளில் எதுவும் வளரவில்லைதான்.

டாக்டர் நிம்மதியானார். "அப்ப நுரையீரல்லதான் ஏதோ இருக்கணும். குழாய் இருக்கட்டும்" என்று மருந்தை மாற்றினார். ஜனெல் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் வால்டர் இறந்துபோனார். அவர் மகள் காரின் எங்களுக்கெல்லாம் எலுமிச்சைக் கேக் சுட்டுக் கொண்டுவந்தாள்.

"அப்பாவ இவ்வளவு சுத்தமான எடத்துல வச்சுப் பாத்துக்கிட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கல் அல்ல.

குப்பிகளைப் பற்றி உங்களிடம் சொன்னது ஜனெல்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு வால்டரை மட்டும்தான் தெரியும். அவருக்கு முன்னால் மிஸஸ் ஹால்வர்சன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இரட்டைக் குழந்தைகளின் அம்மா என்று மூன்று பேர் இருந்தார்கள். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அவர்களுடைய குப்பிகளையும் நான்தான் எறிந்தேன்.

நான்கு பேரும் இறந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குக்கூட என் மருத்துவமனையில் தொற்று வரவில்லை.