குண்டூசி குத்திய பக்கங்கள்

— கடைசிப் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படிங்க. பிள்ளைங்க போடற சத்தத்துல சரியா காதுல விழல.

— "இந்த ஆண்டு நான் எழுதி முடித்த நாவல் தேறவில்லை. அதை வெளியிடப்போவதில்லை. இனி எழுதும் எண்ணமும் இல்லை. இத்தனை காலம் படித்தவர்களுக்கு என் வணக்கம்." அவ்வளவுதான்.

— அவ்வளவுதானா? வருஷக் கடைசியில எல்லா எழுத்தாளரும் என்ன படிச்சேன், என்ன எழுதினேன்னு சந்தோஷமா எழுதுவாங்க. என் வீட்டுக்காரர் மட்டும் கடையை மூடறதுக்குப் பலகை எழுதறாரு.

— முதல் பாதியில படிச்சதைப் பத்தி எழுதியிருக்கேனே.

— கேட்டேன், கேட்டேன். "வாங்கிய புத்தகங்களில் பாதியை, பாதிவரை படித்தேன். மீதியை வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்." அது நல்லாத்தான் இருந்தது. பல் டாக்டர் வீட்டு வரிசையில உக்காந்து படிச்ச கதை உங்க பல்வலியைவிட ஆழமா இறங்கிச்சுன்னு எழுதியிருக்கீங்களே, சிரிச்சுட்டேன். அந்த மனுஷனுக்கா இப்படி ஒரு கடைசிப் பத்தி?

— நான் சும்மா அலுத்துக்கறேன்னு நெனைக்கிறியா? இதோ பாரு, நாவல். லீவுக்கு வந்த அக்கா நேத்து பெட்டியைத் திறந்ததும் முதல்ல என் கையில குடுத்தது இதைத்தான். பக்கத்தைப் புரட்டு. பாத்து, கையில குத்தும்.

— அடேயப்பா! எவ்வளவு குண்டூசி! முள்ளம்பன்றி மாதிரியில்ல இருக்கு.

— இப்போ புரியுதா?

— ஒண்ணும் புரியல. நான் மருந்துக்கடையில நிக்கறவ. சீட்டுல டாக்டர் எழுதினது புரியலன்னா போன் போட்டுக் கேட்டுடுவேன். நானா ஊகிச்சு மாத்திரை குடுக்க மாட்டேன்.

— இதுல ஊகிக்க என்ன இருக்கு? அக்கா தையல்காரி. துணியை ஆள்மேல போட்டுப் பாப்பா. எங்க தொளதொளன்னு இருக்கோ அங்க குண்டூசி. அப்புறம் அந்த இடத்தைப் பிடிச்சுத் தைச்சு மிச்சத்தை வெட்டிடுவா. சின்ன வயசுல அவ ஊசிக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?

— அதனால?

— முதல் நாவலை முதல்ல அவளுக்குத்தான் அனுப்பினேன். கைப்பிரதி ஒண்ணுதான் இருக்கு, தாள்ல எதுவும் எழுதிடாத, அடையாளம் மட்டும் வையின்னு சொன்னேன். அங்கங்க ஊசியோட திரும்பி வந்தது. ஊசி இருந்த இடத்தையெல்லாம் வெட்டினேன். அன்னிலேர்ந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதே வழக்கம்தான். "ஒரு சொல்கூட மிகையில்லை"ன்னு என்னைப் பாராட்டாத ஆள் உண்டா? அந்தப் பாராட்டு பூரா அக்காவோடது. அவளை மாதிரி ஒரு கண்ணு எந்தப் பதிப்பகத்துலயும் கிடையாது.

— வெட்டறதுக்கு முன்னாடி அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லையா?

— லீவுல கூடினா புத்தகப் பேச்சு கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டேன். அப்புறம் எப்படிக் கேக்கறது? முன்னெல்லாம் அத்தியாயத்துக்கு ஒண்ணு ரெண்டு ஊசி இருக்கும். இந்தத் தடவை பக்கத்துக்குப் பக்கம். ஊசி இருக்கறதையெல்லாம் வெட்டினா தலைப்பும் என் பேரும்தான் மிஞ்சும். அக்காவுக்கே பிடிக்கலன்னா யாருக்காக எழுதறது? பத்திரிகை ஆசிரியர் சாயங்காலத்துக்குள்ள கட்டுரை கேட்டிருக்காரு. அனுப்பிடறேன்.

— அனுப்பாதீங்க. அண்ணி காலடிச் சத்தம் கேக்குது.

— டேய் குருவி! உள்ள வரலாமா, இல்ல எழுத்தாளருக்கு மனு குடுக்கணுமா?

— வாக்கா. கதவு திறந்துதான் இருக்கு.

— உன் அறையிலதான் ஜன்னல் வெளிச்சம் நல்லா வருது. உன் மாமா சட்டையில பொத்தான் தொங்குது. அதைப் போட்டுக்கிட்டே சோபாவுல குறட்டை விட்டார். உருட்டிக் கழட்டிக்கிட்டு வரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

— லீவுக்கு வந்தும் ஊசியை விடமாட்டீங்களா அண்ணி?

— என் ராசாத்தி, கடவுள் கையைக் குடுத்தது சும்மா தொங்கவிடவா? நகரு, நான் இந்த ஓரமா உக்காந்துக்கறேன். ஏன்டா, உன் மேஜையைச் சுத்திப் படுக்கையும் பெட்டியுமா அடைச்சு வெச்சிருக்கோம், கோவமா? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?

— அதெல்லாம் இல்லக்கா. கூடத்துல என்ன அவ்வளவு கூச்சல்?

— பஸ் விளையாட்டுடா. இருக்கற நாற்காலியெல்லாம் வரிசையா போட்டாச்சு. பெரியவ கண்டக்டர். சின்னவன் செருப்பைத் தொலைச்ச அம்மா. தலையில துண்டைப் போட்டுக்கிட்டு என்னமா அழறான் தெரியுமா!

— செருப்பைத் தொலைச்ச அம்மாவா?

— என்னடா தெரியாத மாதிரி கேக்கற? மழை கொட்டும். அந்த அம்மா ஓடி வந்து ஏறும்போது ஒத்தைச் செருப்பு சேத்துல கழண்டு விழுந்துடும். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கும். கண்டக்டர் பாத்துடுவாரு. விசில் அடிச்சு பஸ்ஸை நிறுத்துவாரு. "ஒத்தைக் கால்ல ஒருத்தர் நிக்கும்போது நாம எல்லாரும் எப்படிங்க ஊர் போய்ச் சேர்றது?"ன்னு கேப்பாரு. பஸ்ஸே இறங்கி மழையில தேடும். நீ எழுதினதுதானேடா!

— எழுதினேன். முதல் நாவல்ல. ஆனா அது...

— அது அச்சுல வரல. தெரியும். நான்தான் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். சின்ன வயசுல என் பொண்ணுக்கு ஜுரம் வந்தா அந்தக் கண்டக்டர் வந்துதான் மருந்து குடிக்க வைக்கணும். இப்போ அவ தன் பிள்ளைக்குச் சொல்றா.

— அண்ணி, ஒண்ணு கேக்கறேன். அவ்வளவு பிடிச்ச இடத்துல எதுக்கு ஊசி குத்தினீங்க?

— பிடிச்சதாலதாம்மா.

— இன்னொரு தடவை சொல்லுங்க. உங்க தம்பி காதுல நல்லா விழட்டும்.

— இதுல என்ன இருக்கு? தாள்ல எழுதக் கூடாதுன்னுட்டான். ஓரத்தை மடிக்க எனக்கு மனசு வரல. தையல் மேஜையில என் கைக்கு எட்டறது குண்டூசிதான். நெஞ்சுல பட்ட இடத்துல ஒண்ணு குத்தி வெப்பேன். மறுபடி எடுத்துப் படிக்கணுமில்ல? திருப்பி அனுப்பறதுக்குள்ள அதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிடும். இந்த நாவல் இருக்கே, குருவி, என் டப்பாவே காலி! வாடிக்கையாளர் ஒருத்தி ஜாக்கெட்டோட நிக்கறா, குத்த ஊசி இல்ல. எல்லாம் உன் கதையில இருக்கு.

— எல்லாமே... பிடிச்ச இடமாக்கா?

— பின்ன? ஆனா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சேன். உன் சட்டத்துக்குப் பயந்து சொல்லல. முதல் புத்தகம் அச்சாகி வந்ததும் தேடித் தேடிப் பாத்தேன். கண்டக்டர் இல்ல. அப்பா பக்கத்து வீட்டுக்காரருக்காக நாள் முழுக்க வரிசையில நின்ன கதை இல்ல. நான் குத்தின ஒண்ணுமே இல்ல. முதல்ல சங்கடமாத்தான் இருந்தது. அப்புறம் ஒருநாள் தைச்சுக்கிட்டு இருக்கும்போது பளிச்சுன்னு பட்டுச்சு.

— என்ன பட்டுச்சு?

— என் தம்பி ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு எழுதறான். அக்காவுக்குப் பிடிச்சதை வெளிய விடாம எங்களுக்குன்னே எடுத்து வெக்கறான். எந்த எழுத்தாளனுக்குடா அந்த மனசு வரும்? அன்னிலேர்ந்து ராத்திரி விளக்கேத்திக் கும்பிடும்போதெல்லாம் உனக்காக ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்றேன்.

— அக்கா...

— ஏன்டா கண்ணு கலங்குது? இரு, முதல்ல அந்தப் பஸ்ஸை நிறுத்திட்டு வரேன். நாற்காலிக் காலை உடைச்சுடும் போல இருக்கு இந்தக் கூட்டம். இந்தாம்மா, இந்தச் சட்டையைப் பிடி, ஊசி பத்திரம்.

— போய்ட்டாங்க. தண்ணி குடிங்க. பேய் அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க.

— எல்லாத்தையும் வெட்டிட்டேனே. ஒவ்வொரு புத்தகத்துலயும். நல்லதா பாத்துப் பாத்து வெட்டியிருக்கேன்.

— மெதுவா பேசுங்க. கூடம் பக்கத்துலதான் இருக்கு. இப்போ என்ன செய்யப்போறீங்க?

— சொல்லிடப்போறேன்.

— வேண்டாம்ங்க. சில மருந்தை சில உடம்பு தாங்காது. தம்பி நமக்காக எடுத்து வெச்சான்னு நம்பி எவ்வளவு நிம்மதியா இருக்காங்க! அதைப் பிடுங்கறது பாவம். அந்தக் கட்டுரையைக் கிழிச்சுப் போடுங்க, நாவலை அப்படியே பதிப்பகத்துக்கு அனுப்புங்க. முடிஞ்சது.

— அவ எனக்காகக் கும்பிடறாளே. நான் செய்யாத நல்லதுக்கு.

— கும்பிடறது வீணாப் போகாது. கடவுள் அதை வேற கணக்குல வெச்சுக்குவாரு.

— அவருக்குத் தெரியுமே, நான் அந்தப் பக்கங்களை எங்க போட்டேன்னு.

— தெரிஞ்சா என்ன? அவர் வந்து அண்ணிகிட்ட சொல்லப்போறதில்ல.

— அதான் நான் சொல்லணும். அவளோட அன்பை ஏமாத்தி வாங்கிக்கிட்டு எப்படி நான் அவ முகத்தைப் பாத்துப் பேசறது?

— உங்களைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு! சரி. சொல்லுங்க. ஆனா எழுதற மாதிரி சுத்தி வளைக்காதீங்க. ஒரே மடக்குல குடுத்துடுங்க.

— என்னடி குசுகுசுன்னு? பஸ்ஸைப் பணிமனையில விட்டாச்சு. குடு சட்டையை.

— அக்கா, உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். உனக்குன்னு நான் எதையும் எடுத்து வெக்கல. நீ ஊசி குத்தினா அந்த இடம் பிடிக்கலன்னு நெனச்சேன். துணியில குத்தற மாதிரி. அதனால வெட்டிட்டேன்.

— வெட்டிட்டியா?

— வெட்டி எறிஞ்சுட்டேன்க்கா.

— கண்டக்டரை?

— ஆமா.

— அப்பா வரிசையில நின்னதை?

— அதையும்தான்.

— எங்களுக்குன்னு ஒரு பக்கம்கூட வெக்கலையா?

— இல்லக்கா. இந்த நாவல்லயும் இவ்வளவு ஊசியைப் பாத்து, உனக்கு ஒண்ணுமே பிடிக்கலன்னு நெனச்சு, இனிமே எழுதறதில்லன்னு எழுதி வெச்சிருக்கேன். இதோ, இந்தத் தாள்.

— அண்ணி, குனிஞ்சு தைச்சுக்கிட்டே இருக்கீங்களே. எனக்குப் பயமா இருக்கு.

— இரும்மா. முடிச்சு போட்டுக்கறேன். போடாம விட்டா தைச்சதெல்லாம் உருவிக்கிட்டு வந்துடும்.

— உன் மனசு நொந்துடுச்சுன்னா திட்டிடுக்கா.

— நோகாம இருக்குமாடா? இத்தனை வருஷம் மனசுக்குள்ள உன்னை எங்கயோ உக்கார வெச்சிருந்தேன். இப்போ இறக்கிப் பக்கத்துல உக்கார வெக்கணும். கொஞ்சம் நேரம் ஆகும்.

— மன்னிச்சுடுக்கா.

— பக்கத்துல இருக்கறதும் நல்லதுதான். சொல்லாமயே இருந்திருக்கலாம், நான் செத்தாலும் தெரிஞ்சிருக்காது. உண்மையைச் சொன்னே பாரு, அதுக்கு இன்னிக்கும் ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லிக் கும்பிடுவேன். அப்புறம், எங்கடா எறிஞ்ச நீ? ஒண்ணும் தொலையல. நீ வெட்டினதையெல்லாம் கடவுள் இந்தப் பிள்ளைங்க வாயில பத்திரமா போட்டு வெச்சிருக்காரு. போய்க் கேளு, ஒரு வரி பிசகாம சொல்லுவாங்க.

— அது நீ செஞ்சதுக்கா. நான் செய்யல.

— யார் செஞ்சா என்ன? எனக்கு இப்போ ஒரு சந்தேகம். உன்னை மேடையில உக்கார வெச்சாங்களே, பரிசு குடுத்தாங்களே, படிச்சவங்க எல்லாம் எழுந்து நின்னு கைதட்டினாங்களே. நான் பின்வரிசையில உக்காந்து அழுதேன்.

— ஆமாக்கா.

— அது எந்தப் பக்கங்களுக்கு?

— அது வந்து... வெட்டினது போக மிச்சம் இருந்த பக்கங்களுக்கு.

— அதாவது, எனக்குப் பெருசா ஒண்ணும் தோணாம, ஊசி குத்தாம விட்டதுக்கு.

— ஆமாக்கா.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— அதுக்குத்தான்க்கா.

— அண்ணி, என்ன ஆச்சு? அழறீங்களா, சிரிக்கிறீங்களா? ஊசியைக் கீழ வைங்க முதல்ல!

— ரெண்டும்தான்மா, ரெண்டும்தான்! டேய் குருவி, அந்தத் தாளைக் கிழிச்சு எறி. நல்ல துணியையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு ஓரத்துண்டைக் கட்டிக்கிட்டு நின்னதுக்கே ஊரு எழுந்து நின்னு கைதட்டிச்சுன்னா, இந்தத் தடவையாவது முழுசா உடுத்திக்கிட்டுப் போடா!