‘நாட்’ இருக்கும் இடம்

கிழக்கேகோட்டை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு வயதான தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன், குடும்பத்தோடு லீவுக்கு வருவது பற்றி அனுப்பிய செய்தியைக் கணவர் போனில் மறுபடியும் உரக்கப் படித்தார்.

“ஆல் ஆர் நாட் கமிங்.”

“ஏன்னா, ஒருத்தருமே வரல்லேங்கறானா?”

“அப்படியும் எடுத்துக்கலாம். எல்லாரும் இல்லே, சில பேர் மட்டும்னும் எடுத்துக்கலாம்.”

“ரெண்டுல எது? ஆபீஸ்ல பூரா இங்கிலீஷ்ல எழுதினவர்தானே நீங்க!”

“‘நாட்’டை முன்னாடி போட்டு, ‘நாட் ஆல் ஆர் கமிங்’னு எழுதியிருந்தா சந்தேகமே இல்லே. சில பேராவது வருவா. இவன் நடுவுல கொண்டு வச்சிருக்கானே.”

“அவசரத்துல இடம் மாத்தி வச்சிருப்பான். செருப்பையே மாத்திப் போட்டுண்டு ஸ்கூலுக்குப் போனவன்தானே.”

அவர் சிரித்தார். என் மடியிலிருந்த குழந்தை சிணுங்கியது. அவர்களுக்குத் தொந்தரவாகிவிடுமோ என்று தோளில் சாய்த்துக்கொண்டேன்.

“இப்பவே போன்ல விளிச்சுக் கேட்டுடட்டுமா?”

அந்த அம்மா போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வேண்டாம். கேட்டா ஒரு அர்த்தம்தான் மிஞ்சும். மாடி ரூமைப் பெருக்கித் துடைச்சுட்டு, நாளைக்குக் கேக்கலாம்.”