ஆறு அங்குலம்

பிக்கப் வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் முதலில் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டயர் முடிவானால், அது உரசாமல் சுழல வண்டியை எத்தனை அங்குலம் தூக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அப்புறம் அவதிப்படுகிறார்கள். நானும் தலைகீழாகத்தான் செய்தேன். எனக்கு உயரம் முதலில் தெரிந்துவிட்டது.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், விசாரணை அதிகாரி பெக்ஸ்டெட். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு எழுத வசதி. ஆறு வாரமாக நீங்கள் என்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறீர்கள். நானும் இதுவரை உங்களிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. என் வண்டியின் வலது முன்சக்கரம்தான் ருலன் மேல் ஏறியது என்பதை அன்று மாலையே ஒப்புக்கொண்டேன். எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அதுவும் உண்மை.

வண்டியை உயர்த்தியதற்கு நான் சொன்ன காரணங்களும் உண்மைதான். ஏப்ரலில் எங்கள் வயல் பாதை எப்படி இருக்கும் என்று ஐடஹோவில் பிறந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன வருடம் மட்டும் நான்கு முறை சேற்றில் மாட்டி, டிராக்டர் வைத்து இழுத்தேன். நெல்டாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து பழைய டயர்களின் உதறல் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. காரணம் கிடைக்காத எதையும் நான் வாங்கவில்லை.

ஜூலைக் கடைசியில் டார்வா பெட்டிட்டின் கடைக்குப் போனேன். அவளையும் நீங்கள் விசாரித்தீர்கள், அழுதாள் என்று கேள்விப்பட்டேன். அவள் மேல் எந்தத் தவறும் இல்லை. நல்ல வேலைக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். நான் ஆறு அங்குலம் என்றதும் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன ஆர்வில், அம்பத்தெட்டு வயசுல மாப்பிள்ளை முறுக்கா? பொண்ணு யாரு? நெல்டாவுக்குத் தெரியுமா?"

சேற்றுக்காக என்றேன்.

"சேத்துக்கு ரெண்டு அங்குலம் போதும். நாலு கேட்டா ஆசைக்குக் கேக்கறாங்கன்னு அர்த்தம். ஆறு கேக்கறதெல்லாம் இருபது வயசுப் பசங்க. ராத்திரி போட்டுட்டுப் போயி, காலையில ஏணி கேட்டு வருவானுங்க."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, முன்னால் ஆறு, பின்னால் நாலு, வண்டி சமமாக நிற்க வேண்டும் என்றேன். அவள் சிரிப்பதை நிறுத்தினாள்.

இங்கேதான் உங்களுக்கு முதல் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். நீங்களும் தீவனக் கட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவர்தானே. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பிக்கப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்துதான் இருக்கும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தணிந்து வண்டி சமமாகும். ஊருக்குள் சும்மா சுற்றுகிறவர்கள் அழகுக்காக முன்பக்கத்தைத் தூக்கிச் சமமாக்கிக்கொள்வார்கள். பாரம் ஏற்றுகிறவன் யாரும் அதைச் செய்ய மாட்டான்.

"ஒனக்கு நான் சொல்லித்தரணுமா?" என்றாள் டார்வா. "சமமாக்கிட்டுப் பின்னால ஒரு டன் ஏத்தினா மூக்கு வானத்தப் பாக்கும். அப்புறம் ரோட்ட எதுல பாப்ப?"

பழகிக்கொள்வேன் என்றேன். பின்னால் தணியாமல் தாங்கும் காற்றுப்பைகள் போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். முன்னால் ஒரு கேமராவாவது வைத்துக்கொள், போன வருடம் ஒருவர் வீட்டு வாசலில் தன் நாயையே ஏற்றிவிட்டார் என்றாள். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன்.

"கண்ணு இருந்து என்ன பண்றது? பானட்ட ஊடுருவியா பாப்ப?"

பிறகு வேலைச் சீட்டில் 'கேமரா: வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்' என்று எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். அந்தச் சீட்டுதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

டயர் விஷயத்தில் எங்களுக்குள் இன்னொரு சிறு வாக்குவாதம். பாரத்துக்கு விறைப்பான டயர் போடச் சொன்னாள். நான் முப்பத்தேழு அங்குலத்தில், பக்கவாட்டு உயரமாகவும் மென்மையாகவும் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சக்கரங்கள் இருபக்கமும் மூன்று மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ரிம் கேட்டேன். கடையில் அறுபது பவுண்டு காற்று அடித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து முப்பத்தைந்துக்கு இறக்கினேன். நெல்டா அன்றைக்கே வித்தியாசத்தைக் கவனித்துவிட்டாள். சோபாவில் உட்கார்ந்து போவதுபோல இருக்கிறது, எதன்மேல் ஏறினாலும் தெரியவில்லை என்றாள். அவள் முதுகுக்கு அது உண்மையிலேயே நல்லது.

ருலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெல்டாவின் அண்ணன், எனக்கு மச்சான். முப்பத்தொரு வருடமாக எங்கள் வாய்க்காலின் மதகுக்காரர். யாருக்கு எந்த நாள் முறை, எத்தனை மணி நேரம், எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. எங்கள் பக்கம் மழையை நம்பி யாரும் பயிர் வைப்பதில்லை. வாய்க்கால் பங்கு இருந்தால் குதிரைமசால் விளையும். இல்லாவிட்டால் முள்ளும் புழுதியும்தான். என் பங்கு என் பாட்டனார் மண்வெட்டியோடு நின்று வாய்க்கால் வெட்டிச் சம்பாதித்தது.

ஜூலை முதல் வாரம் இரண்டாம் அறுப்புக்கு நின்ற பயிர் வாடியது. என் முறை வர ஐந்து நாள் இருந்தது. பதினான்காம் மதகின் சங்கிலியை வெட்டித் திறந்தேன். இரண்டு மணி நேரம்தான் பாய்ந்திருக்கும். நிமிர்ந்து பார்த்தால் ருலன் கரைமேல் நிற்கிறார். கத்தவில்லை. சங்கிலியின் இரண்டு துண்டுகளையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, நெல்டாவுக்காக ஒரு தடவ கண்ண மூடிக்கலாமான்னு பாத்தேன். மூட முடியல. இது கீழ இருக்கறவன் தண்ணி."

இரண்டு மணி நேரத் தண்ணீர்தானே மச்சான் என்றேன்.

"கூட்டத்துல கேட்டா பாத்தத சொல்லுவேன். பாக்காத எதையும் சொல்ல மாட்டேன். அது ஒனக்குத் தெரியும்."

தெரியும். அதுதான் சிக்கல். வெட்டிய சங்கிலியைப் பற்றிக் கேள்விப்பட்டு, வாய்க்கால் சங்கத்தார் மூன்று வாரம் என் மதகைப் பூட்டி வைத்தார்கள். இரண்டாம் அறுப்பு முழுக்கக் கருகியது. ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி வாய்க்கால் சங்கக் கூட்டம். திருடியவனின் பங்கை நிரந்தரமாகப் பறிக்கச் சங்க விதியில் இடம் உண்டு. பார்த்த சாட்சி ருலன் ஒருவர்தான். அன்றிலிருந்து, ஒரு மனிதன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்ப்பதில்லை என்பதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

பதினான்காம் மதகு இருக்கும் இடத்துக்கு நீங்களே வந்திருக்கிறீர்கள். எங்கள் பாதை வாய்க்கால் கரைமேல் செங்குத்தாக ஏறும். ஏறும்போது கண்ணாடி முழுக்க வானம். உச்சியில் வலது ஓரத்தில் மதகு, இடதுபக்கம் திரும்பினால் பலகைப் பாலம். ருலன் காலை ஆறு மணிக்கு அங்கே பாதையின் ஓரத்தில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து அளவுகோலைப் படிப்பார். பார்வை மங்கிவிட்டதால் கிட்டப் போய்த்தான் படிக்க முடியும். வலது காது கேட்காது. மதகில் விழும் தண்ணீர் மற்றக் காதை நிறைத்துவிடும். அப்படியும் தரை அதிர்வதை வைத்து என் வண்டி என்று தெரிந்துகொள்வார். திரும்ப மாட்டார். குனிந்தபடியே இரண்டு விரலைத் தூக்குவார். நானும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவேன். சங்கிலி விவகாரத்துக்குப் பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை.

முழங்காலிட்டிருக்கும்போது அவர் தொப்பியின் உச்சி, பக்கத்து வேலியின் மூன்றாவது முள்கம்பிக்குச் சரியாக வரும். கம்பியின் உயரத்தை அளந்தேன். நாற்பத்திரண்டு அங்குலம்.

போன மாதம் நீங்கள் என் வண்டியை அந்த ஏற்றத்தில் நிறுத்தி, மதகருகே ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை வைத்து, இருக்கையில் ஏறிப் பார்த்தீர்கள். கூம்பு தெரியவில்லை என்று அறிக்கையில் எழுதினீர்கள். உங்கள் முறை சரியானது. நானும் அப்படித்தான் செய்தேன். கூம்புக்குப் பதிலாகப் பால் கேன், அதன்மேல் என் தொப்பி. அப்போது வண்டி பழைய உயரத்தில் இருந்ததால் முன்சக்கரங்களுக்கு அடியில் பலகைகளை அடுக்கினேன். இரண்டு அங்குலத்தில் தொப்பி முழுதாகத் தெரிந்தது. நாலில் உச்சி மட்டும் தெரிந்தது. ஆறில் வானம்தான். புல்லுக்குள் நீங்கள் கண்டெடுத்த பலகைகள் அவைதான், அவற்றில் பதிந்திருப்பது என் பழைய டயரின் தடம். அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு ஈனவிருந்த பசுவின் வயிற்றில் கன்று குறுக்காகக் கிடந்தது, அவசரமாகப் போனேன்.

ஓட்டுபவர் இருக்கையிலிருந்து பார்த்தது போதாது என்று தோன்றியது. அடுத்த இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்தேன். நெல்டா என்னைவிடக் குள்ளம். அவள் அளவுக்குக் குனிந்து, இரண்டு முறை பார்த்தேன்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி பின்னால் ஒரு டன்னுக்கு மேல் கட்டுகள் ஏற்றினேன். நகரத்தில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. நீயும் வருகிறாயா என்று நெல்டாவைக் கேட்டேன். மகிழ்ச்சியாகக் கிளம்பினாள். முந்தின நாள் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி சுட்டிருந்தாள், அண்ணனுக்குக் கொடுக்க ஒரு தகர டப்பாவில் எடுத்துக்கொண்டாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். பொய் சொல்ல வேண்டிய நிலையில் அவளை நான் ஒருநாளும் வைத்ததில்லை, அன்றும் வைக்கவில்லை.

ஏற்றத்தில் மூக்கு தூக்கியது. வானம் வெளுத்திருந்தது. நெல்டா ஒரு கையில் கோக்கோக் கோப்பையைப் பிடித்தபடி, மடியில் டப்பாவைத் திறந்து, ரொட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாதையின் வலதுபக்கம், சக்கரத்துக்கும் ருலனுக்கும் நடுவே, எப்போதும் ஒரு கால் அடிதான் மிச்சம் இருக்கும். வெளியே நீட்டிய புதிய சக்கரங்களுக்கு அது போதவில்லை. ஏதோ பெரிதாக உணர்ந்தேன் என்று சொல்ல முடியாது. பாலத்துப் பலகையின் விளிம்பு வழக்கமாகத் தரும் அசைவு மாதிரி இருந்தது. நெல்டா கையிலிருந்த கோக்கோ சிந்தவில்லை.

பாலம் தாண்டியதும் அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அண்ணனுக்காக இரண்டு விரலைத் தூக்கினாள். பிறகு கண்ணாடியில் பார்த்தாள். புழுதிதான் தெரிந்தது.

"அண்ணன் இன்னிக்கு மதகுல இல்லபோல."

எங்காவது கீழே போயிருப்பார், திரும்பும்போது கொடுக்கலாம் என்றேன்.

அதன்பின் நடந்தது உங்களுக்கே தெரியும். தேவாலயப் பெண்கள் துக்க வீட்டுக்குப் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கைப் பதினொரு தட்டு கொண்டுவந்தார்கள். சங்கத்தார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த நேரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம் என்றார்கள். புதிய மதகுக்காரர் என் முறைக்குத் தண்ணீர் திறந்தார். மூன்றாம் அறுப்பு நன்றாக வந்திருக்கிறது.

பலகைகளைப் பார்த்து நான் பயந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒரு பழைய பலகைக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். நான் பேச வந்தது நெல்டாவுக்காக.

ஆறு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த டப்பாவைத் தோட்டத்தில் புதைத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடி சொன்னாள். "நான் மூடியத் தொறந்தேன், ஆர்வில். மணம் வந்துச்சு. நீ என் பக்கம் திரும்பிட்ட. அதனாலதான் நீ பாக்கல. எங்க அண்ணன நான்தான் கொன்னுட்டேன்."

அவள் செய்யாத தவறின் பழியைத் தன்மேல் சுமப்பது நியாயமில்லை. முப்பத்துநான்கு வருடம் ஒன்றாக வாழ்ந்திருக்கிறோம், அவளுக்கு நான் இந்த அளவாவது செய்ய வேண்டும். ருலன் மேல் எனக்கு வெறுப்பு இருந்ததில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறுக்கிறவன் கண்ணால் பார்க்க விரும்புவான். நான் பார்க்காமல் இருப்பதற்காக எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கேட்டதெல்லாம் சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். இன்று மாலை எங்கள் வீட்டுப் பக்கம் போவீர்களானால் நெல்டாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ரொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கரை ஏறி, மதகு தாண்டி, பாலம் முடியும்வரை நான் முழுக் கவனத்தோடுதான் ஓட்டினேன்.