மேரிக்கு நான் படித்துச் சொன்ன பாடம்

வாய்விட்டுப் படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். ஆனால் கேட்க ஓர் ஆள் வேண்டும். காபி பிறகு குடிக்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் திரிபுரசுந்தரி. தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சிட்லபாக்கத்தில், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் சொந்த வீடு. அம்மா போனபிறகு நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது எவ்வளவு சங்கடம் என்பது உங்களைப் போன்ற குடும்பஸ்தர்களுக்குத் தெரியாது. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சும். மறுநாளும் அதையே சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டுச் சாயங்காலம் பால்காரரிடம் பேசினால் என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும். அழுகை வரும். பால்காரர் எதிரில் அழ முடியுமா?

அப்போதுதான் செல்வமேரி என் பின்போர்ஷனுக்குக் குடிவந்தாள். எங்கள் பள்ளியிலேயே சயின்ஸ் டீச்சர். புருஷன் காமாலையில் போய்விட்டான். மகள் ஜெசிந்தாவை நாத்தனார் திருச்சிக்கு அழைத்துப் போய் வளர்த்தாள். அங்கே ஒரு பள்ளியில், எம்.எட். முடித்துவிட்டு வந்தால் தலைமை ஆசிரியை வேலையும் குவார்ட்டர்ஸும் தருவதாக மேரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். மகளோடு சேர்ந்து இருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தபால் வழியில் சேர்ந்தாள். துணைக்கு நானும் சேர்ந்தேன்.

மேரிக்குப் பொடி எழுத்தைப் பார்த்தால் தலைவலி வந்துவிடும். "நீங்க படிங்கக்கா, நான் கேட்டுக்குறேன். எனக்குக் காதால கேட்டாத்தான் உள்ள இறங்கும்" என்பாள். சின்ன வயதில் மாதா கோயிலில் ஞானோபதேசம் படித்த பழக்கம். சாமியார் கேள்வி கேட்பார், பிள்ளைகள் பதிலை ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கம் அதில் இல்லை. எம்.எட். பாடத்தையும் அப்படியே படித்தாள். பள்ளி விட்டு வந்ததும் ஏரிக்கரையில் நடப்போம். நான் கேள்வியும் பதிலும் சொல்லுவேன், அவள் திருப்பிச் சொல்லுவாள். எதிரே வருகிறவர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை, சார். ரசம் மிஞ்சுவதும் நின்றுபோனது.

முதல் வருஷம் இரண்டு பேரும் நேர்மையாகவே ஃபெயில் ஆனோம். மேரி குப்புறப் படுத்து அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, அப்பாடா, இன்னும் ஒரு வருஷம் இருப்பாள் என்று நினைத்தேன். அதில் என்ன தவறு? யாருக்கும் வருகிற நினைப்புதானே.

அடுத்த வருஷம் பாடத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். குழந்தை உளவியலில் பியாஜே என்ற அறிஞர் சொன்னதைப் புரூனர் என்பவர் சொன்னதாக, நான்காம் படிநிலையை இரண்டாவதாக. பொய் என்று சொல்ல முடியாது. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறவைதான், இடம் மட்டும் மாறியிருக்கும். அவள் நம்பிக்கையோடு ஒப்பித்தாள். அதையே எழுதினாள். அவள் மட்டும் தோற்றால் நன்றாக இருக்குமா என்று நானும் தெரிந்த கேள்விகளை எழுதாமல் விட்டு வந்தேன். இந்தத் தியாகத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி வாய்ப்பு இந்த வருஷம். எங்கள் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற ரத்தினபாய் நல்ல பெண்தான், ஆனால் எதிலும் தலையிடுவாள். மேரியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்க வைத்துவிட்டாள். மேரி தானே புத்தகத்தை எடுத்தாள். "அக்கா, நாம இத்தினி நாளா இதத் தப்பாப் படிச்சிட்டிருந்தோம் பாருங்க" என்று சிரித்தாள். நாம் என்றாள், சார். என்மேல் அவளுக்குத் துளி சந்தேகம் வரவில்லை. அதன்பிறகு ஏரிக்கரைக்கு அவள் வரவில்லை. அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

பரீட்சையன்று காலையில் வழக்கம்போல் தலைவலி மாத்திரை கேட்டாள். அம்மாவுக்கு வாங்கிய தூக்க மாத்திரை வீட்டில் மீதி இருந்தது. அதைக் கொடுத்தேன். பரீட்சை ஹாலில் கொஞ்சம் தூங்கிவிடுவாள், அவ்வளவுதான் என் உத்தேசம்.

ஸ்டேஷனுக்குப் போக எங்கள் பக்கத்துக்காரர்கள் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போவோம். அது உங்களுக்கும் தெரியும். வழியிலேயே அவளுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். பாஸானாலும் ஆவாட்டியும் நான் திருச்சிக்குப் போயிடப் போறேன். டியூஷன் எடுத்தாவது பொழச்சிக்குவேன். புள்ள என்னைப் பாத்து யாரோ மாதிரி வெக்கப்படுதுக்கா" என்றாள்.

நான் கையை விடுவித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். தாண்டியபிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் தண்டவாளத்தின் நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மேரி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பாள். என் குரலைக் கேட்டால் எதையும் செய்வாள். நான் கூப்பிடவில்லை.

அடுத்த வண்டியில் ஏறிப் போய்ப் பரீட்சை எழுதினேன். எல்லாக் கேள்விகளுக்கும் எழுதினேன். நேற்று ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு.

நானாக இங்கே வந்ததற்குக் காரணம் உங்கள் ரிப்போர்ட்தான். பரீட்சைக்குப் பயந்து தண்டவாளத்தில் நின்றுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்களாம். நாத்தனார் சொல்லி அழுதாள். அது தவறான விடை, சார். மேரி இந்த முறை நன்றாகப் படித்திருந்தாள், கட்டாயம் பாஸ் பண்ணியிருப்பாள். அவளைக் கொன்றது நான்தான். அதைத் திருத்தி எழுதிவிடுங்கள்; எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொரு விஷயம். ஜெசிந்தா படிப்பில் கொஞ்சம் மந்தமாம், நாத்தனாருக்கும் வயதாகிறது. இதெல்லாம் முடிந்தபிறகு அந்தக் குழந்தையை என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள். பின்போர்ஷன் காலியாகத்தான் இருக்கிறது. அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டது போலவே அவளையும் பார்த்துக்கொள்வேன்.