பாதரச விண்மீனும் பக்கத்தில் இருந்தவளும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, பாடம் சொன்ன ஆசிரியப் பெருமக்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் அண்ணாச்சிமார்களே, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நிற்கும் தாய்மார்களே, கதவோரக் கடைசி நாற்காலியில் இருக்கும் என் தோழி மிஸ்ரியாவே, அனைவருக்கும் சண்முகசுந்தரியின் வணக்கம்!

எங்கள் விண்மீன் ஆய்வு மாநிலக் கண்காட்சிக்குத் தேர்வானதற்காக இந்தப் பாராட்டு. 'எங்கள்' என்கிறாளே, மேடையில் ஒருத்திதானே நிற்கிறாள் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சில விண்மீன்களின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் விழும் கோடுகளைப் பார்த்தால், சூரியனில் உள்ளதைவிடப் பல ஆயிரம் மடங்கு பாதரசம் தெரிகிறது. அந்த விண்மீன் முழுக்கப் பாதரசமா? இல்லை ஐயா, இல்லவே இல்லை! அது மெல்லச் சுழல்கிறது. அந்த அமைதியில் ஒளியே சில தனிமங்களை மேலே தள்ளுகிறது, சில அமிழ்ந்து போகின்றன. மேலே மிதப்பதைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொன்னால் ஏமாந்துதான் போவோம். அது ஏன் மெல்லச் சுழல்கிறது? பெரும்பாலும் அருகில் துணையாக இன்னொரு விண்மீன் இருக்கிறது. அதன் ஈர்ப்பு, சுழலும் வேகத்தை அடக்குகிறது. சங்கரனையும் நாராயணனையும் ஒரே உடலில் கும்பிடும் நம் ஊருக்கு இது புரியாதா?

கண்காட்சிக்காகச் சென்னைக்கு இரண்டு பேர் போகலாம். ஒருத்தி நான். இன்னொருத்தி? கோடுகளை அளந்தவள் மிஸ்ரியா. துணையின் சுற்றுப்பாதையை வரைந்தவள் மிஸ்ரியா. ஆனால் பள்ளியில் ஒருவர் சொன்னார்: "கடையநல்லூர்ப் பிள்ளைலா? பாய் வீட்டுல வெளியூருக்கு விடமாட்டாவ. வேற ஆளப் போடுங்க."

போட்டார்கள்! எங்கள் வகுப்பு முத்துமணியைப் போட்டார்கள். அவள் என்னிடம் வந்து அழுதாள்: "ஏட்டி சுந்தரி, எனக்கு நட்சத்திரம்னா கார்த்திகையும் ரோகிணியுந்தான் தெரியும். அங்கன போய் என்னத்தச் சொல்லுவேன்?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், கடையநல்லூருக்குப் போகும்வரை. அங்கே மிஸ்ரியாவின் தாய் ஆமினாள், புதுப் பையில் மகளின் துணிகளை மடித்து வைத்திருந்தார். "ஏன் விடமாட்டேன்னு சொன்னீய?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட யாரு மக்கா கேட்டா?"

யார் கேட்டீர்கள்? இந்த மேடையில் இருப்பவர்களில் யார் கேட்டீர்கள்? ஒரு கேள்வி கேட்கக்கூடவா நேரமில்லை?

உட்காரச் சொல்கிறீர்களா, அண்ணாச்சி? இன்னும் ஒன்றே ஒன்று.

துணை மங்கலாக இருந்தால் அதன் கோடு கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற விண்மீனின் கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி ஆடுவதைப் பார்த்துத்தான் துணையைக் கண்டுபிடிக்கிறோம். என் கை ஆடுகிறது, குரல் ஆடுகிறது, பார்க்கிறீர்கள்தானே? இது பயம் இல்லை. கதவோரம் ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம்.

அவள் அருகில் ஆமினாள் அம்மாவும் இருக்கிறார். இப்போதாவது யாராவது இறங்கிப் போய்க் கேளுங்கள். அதுவரை எனக்கான பொன்னாடை மடித்தபடியே இருக்கட்டும்.

கைதட்டியவர்களுக்கும், முகம் சுளித்தவர்களுக்கும் நன்றி. வணக்கம்!